ஒரு மலை, இரண்டு நதி

நைல் நதியை ஒட்டிய சாலையிலேயே கெய்ரோவிலிருந்து அபு சிம்பல் வரை போய்வந்த நண்பர் ஒருவர் வட்டக்கானலில் என்னோடு தங்கியிருந்தார். பகலில் கோயில், இரவில் ஆற்றங்கரைக் கூடாரம் என்று கர்னாக், எட்ஃபு, கோம் ஓம்போ, ஃபிலே எல்லாவற்றையும் வரிசையாகப் பார்த்து வந்திருந்தார். "நம்ம பக்கத்துல இந்த மாதிரி ஆத்தைப் பிடிச்சுக்கிட்டே கோயில் கோயிலாப் போக முடியுமா?" என்று கேட்டார். மலையிலிருந்தே தொடங்கலாம் என்றேன். வாடகை ஜீப் ஒன்றை எடுத்துக்கொண்டு பழனி மலைத்தொடரின் இரு சரிவுகளிலும் இறங்கி ஏறிய பயணம் அப்படித்தான் உருவானது.

எகிப்தில் ஒரு விசித்திரம் உண்டு. அந்த நாடு முழுவதும் நைலின் வெள்ளத்தை நம்பியே வாழ்ந்தது. கோம் ஓம்போவிலும் எலிஃபண்டைன் தீவிலும் கோயிலோடு சேர்த்தே நீர்மட்டம் அளக்கும் கிணறுகளையும் படிகளையும் கட்டி வைத்தார்கள். வெள்ளம் எத்தனை முழம் ஏறியது என்பதை வைத்து அந்த ஆண்டு விளைச்சலைக் கணித்தார்கள், வரியும் போட்டார்கள். ஆனால் அந்த வெள்ளத்தைத் தந்த மழை பெய்தது வெகு தெற்கே எத்தியோப்பிய மலைகளில். எலிஃபண்டைனுக்கு அடியிலுள்ள குகைகளிலிருந்து வெள்ளம் கிளம்புகிறது என்றே நம்பிவந்தார்கள். பழனி மலையில் நிலைமை நேர்மாறு. நீர் ஊறும் சோலையில் காலையில் நின்றவர், அந்த நீரை நம்பி எழுந்த கோயிலின் படியில் மாலையில் உட்காரலாம்.

பாம்பாறு

வட்டக்கானல் கொடைக்கானல் ஏரியிலிருந்து சில கிலோமீட்டர் தள்ளி, மலை விளிம்பில் தொங்குகிற சிற்றூர். இஸ்ரேலியப் பயணிகள் நிறைய வருவதால் 'குட்டி இஸ்ரேல்' என்று பெயர் எடுத்துவிட்டது. ஹீப்ரூவில் எழுதிய பலகைகள், ஷக்சூகாவும் ஹம்மஸும் போடுகிற சிறு கடைகள், பக்கத்திலேயே பஜ்ஜி சுடும் டீக்கடை என்று கலவையான தெரு. சனி, ஞாயிறுகளில் நெரிசல் தாங்காது. கோடை நெரிசலைக் கட்டுப்படுத்த, உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்கு வண்டியில் வர இ-பாஸ் எடுக்க வேண்டும்.

தெருவைத் தாண்டினால் பாம்பாறு சோலை. சோலைக்காடும் புல்வெளியும் மாறி மாறி வருவதுதான் இந்த மலையின் பழைய அமைப்பு. மழை, பனி, மூடுபனி எல்லாவற்றையும் புல்வெளியும் சோலையின் மக்கிய மண்ணும் வாங்கி வைத்துக்கொண்டு, கோடையிலும் சிறுகச் சிறுக ஓடைக்கு விடும். ஆங்கிலேயர் காலத்தில் தொடங்கி, சுதந்திரத்துக்குப் பிறகு வேகமெடுத்த மரம் நடும் திட்டங்களில் சீகையும் தைலமரமும் பைனும் புல்வெளிகளை விழுங்கிவிட்டன. எண்பதுகளில் இங்கே வந்து தங்கிய பாப் ஸ்டூவர்ட், தான்யா பால்கர் என்ற ஆங்கிலேயத் தம்பதி சோலை மரங்களுக்கு நாற்றங்கால் போட்டு, வட்டக்கானல் பாதுகாப்பு அறக்கட்டளையை உருவாக்கினார்கள். அழிந்துவிட்டதாகக் கருதப்பட்ட எலியோகார்பஸ் பிளாஸ்கோய் என்ற மரத்தை இந்தப் பகுதியில் மறுபடி அடையாளம் கண்டவர்களும் அவர்களே.

இதே சோலைக்கு மேலே உள்ள மேட்டில்தான் பாதரசத் தெர்மாமீட்டர் ஆலை இருந்தது. எண்பதுகளில் தொடங்கி, பிறகு இந்துஸ்தான் லீவர் கைக்கு வந்த அந்த ஆலை, பாதரசக் கழிவு விவகாரம் வெடித்ததும் 2001இல் மூடப்பட்டது. முன்னாள் தொழிலாளர்கள் 591 பேரோடு நிறுவனம் 2016இல்தான் உடன்படிக்கைக்கு வந்தது. மலை உச்சியில் ஒருவர் கொட்டுவது யார் வீட்டுக் குடத்தில் போய்ச் சேரும் என்ற கேள்வியை அந்த வழக்கு இந்த ஊருக்கு நன்றாகக் கற்றுக்கொடுத்திருக்கிறது.

டால்பின் மூக்குப் பாறைக்குப் போகும் ஒற்றையடிப் பாதை அதற்கப்பால் வெள்ளகவி கிராமத்துக்கு இறங்குகிறது. கொடைக்கானல் உருவாவதற்கு முன்பே இருந்த ஊர். அரிசியும் சிமெண்டும் இந்தப் பாதையில்தான் குதிரை முதுகில் போய்ச் சேர்ந்தன. மூட்டை ஏற்றிக்கொண்டிருந்த இளைஞர் ஒருவரிடம் பேச்சுக் கொடுத்தேன். "எங்க ஊருக்கு வந்தா செருப்பை எல்லையிலயே விட்டுரணும்ணே. வீட்டுக்கு வீடு பக்கத்துல சாமி இருக்கு. எங்க மிதிச்சாலும் கோயில் வாசல்தான்" என்றார். ஊருக்குள் காலணி போடாத வழக்கத்தை வெள்ளகவிக்காரர்கள் தலைமுறைகளாகக் காப்பாற்றி வருகிறார்கள். கர்ப்பிணியையும் நோயாளியையும் டோலியில் தூக்கிக்கொண்டு மலையேறிய கதையும் ஒவ்வொரு வீட்டிலும் உண்டு. பக்தியின் அழகைச் சொல்கிறவர்கள் அந்த டோலியையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இரண்டு பக்கமும் தெரியும் கோயில்

கொடைக்கானலில் குறிஞ்சி ஆண்டவர் கோயில் 1936இல் எழுந்தது. கட்டியவர் லீலாவதி இராமநாதன். ஆஸ்திரேலியாவிலிருந்து வந்து, இலங்கைத் தமிழ்த் தலைவர் சர் பொன்னம்பலம் இராமநாதனை மணந்து சைவரானவர். யாழ்ப்பாணத்தில் 1913இல் பெண்களுக்கென்று இராமநாதன் கல்லூரியை நிறுவியவரின் மனைவி, கணவர் 1930இல் மறைந்த பிறகு, கடல் தாண்டி வந்து இந்த மலையில் முருகனுக்குக் கோயில் எடுத்தார். பிறகு அது பழனி தேவஸ்தானத்தின் பொறுப்புக்கு வந்தது. பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மொத்தமாகப் பூக்கும் குறிஞ்சி 2018இல் பூத்தது. அடுத்து 2030இல் பூக்க வேண்டும்.

கட்டடத்தைவிட அது நிற்கும் இடம்தான் எனக்கு முக்கியமாகப்பட்டது. மேகம் விலகிய நேரத்தில் வடக்கே கீழே பழனிக் குன்று தெரியும். தெற்கே வைகை அணையின் நீர்ப்பரப்பு மினுங்கும். இந்த மலை ஒரு நீர்ப்பிரி மேடு. தென்சரிவில் விழும் மழை பாம்பாறாகி, வராக நதியில் கலந்து, வைகையாக மதுரைக்குப் போகிறது. வடசரிவில் விழும் மழை சண்முகநதியாகி, அமராவதி வழியாகக் காவிரியைச் சேர்கிறது. பக்கத்துப் பக்கத்தில் விழுந்த இரண்டு துளிகளில் ஒன்று மீனாட்சி ஊருக்கும் இன்னொன்று கரூருக்கும் போகலாம். எங்கள் பயணத்தின் வரைபடத்தை இந்தக் கோயில் வாசலிலேயே போட்டுக்கொண்டோம்: முதலில் தெற்கு, பிறகு வடக்கு.

ஆனாலும் பூம்பாறையைப் பார்க்காமல் இறங்க மனமில்லை. போகும் வழியில் சூரிய ஆய்வகம். 1901இலிருந்து இங்கே சூரியனைக் கவனித்து வருகிறார்கள். சூரியப் புள்ளிகளில் வாயு ஓரத்தை நோக்கிப் பாய்வதை ஜான் எவர்ஷெட் 1909இல் இங்கிருந்துதான் கண்டுபிடித்தார். ஆண்டுக்கு இரண்டு நாள் கருவறைச் சிலைகள்மேல் வெயில் படும்படி அபு சிம்பலைக் கட்டிய மக்களின் நாட்டைப் பார்த்துவிட்டு வந்த நண்பருக்கு இந்த இடம் பிடித்துப்போனதில் வியப்பில்லை.

பூம்பாறை, மலைச்சரிவு முழுவதும் படிக்கட்டு வயல்களாக வெட்டி, பூண்டும் உருளைக்கிழங்கும் பயிரிடும் ஊர். இந்த மலைப்பூண்டு 2019இல் புவிசார் குறியீடு பெற்றது. ஊர் நடுவில் குழந்தை வேலப்பர் கோயில். பழனி மூலவரைப் போலவே இந்த மூர்த்தியையும் போகர் பாஷாணங்களைக் கட்டிச் செய்தார் என்பது ஐதிகம். தைப்பூசத்தை அடுத்து வரும் இங்கத்தைய தேரோட்டத்தில் தேருக்கு முன்னாலும் வடம், பின்னாலும் வடம். மலை ஊரின் ஏற்ற இறக்கத்தில் முன்னால் இழுக்க ஒரு கூட்டமும் பின்னால் பிடித்து நிறுத்த ஒரு கூட்டமும் வேண்டியிருக்கிறது. சமவெளி ஆகமம் மலையேறும்போது மலைக்கேற்ற ஒழுங்கைக் கற்றுக்கொள்கிறது.

தென்சரிவு: கும்பக்கரை

பெருமாள்மலையிலிருந்து அடுக்கம் வழியாகப் பெரியகுளம் பக்கம் இறங்கும் சாலை குறுகலானது. எதிரே வண்டி வந்தால் ஒருவர் பின்வாங்கித்தான் ஆக வேண்டும். குளிர் குறைந்து, காபித் தோட்டம் வந்து, மிளகுக்கொடி வந்து, எலுமிச்சையும் இலவ மரமும் வந்து, கடைசியில் மாந்தோப்பு வந்தபோது ஸ்வெட்டர்கள் பின் இருக்கைக்குப் போயிருந்தன.

வட்டக்கானலில் கையால் அள்ளிய பாம்பாறு இங்கே கும்பக்கரை அருவியாகப் பாறைமேல் வழுக்கி விழுகிறது. நீர் குடைந்த பள்ளங்களுக்கு யானை கெஜம், பாம்பு கெஜம், குதிரை கெஜம் என்று பெயர்கள். ஆழம் தெரியாமல் இறங்கி உயிர்விட்டவர்கள் உண்டு. அதனால் மலையில் கனமழை என்றால், கீழே வெயில் அடித்தாலும் வனத்துறை குளிக்கத் தடை போட்டுவிடும். நீரளவுக் கிணறு இங்கே இல்லை. காவலரின் செல்பேசிதான் மேலே பெய்ததைக் கீழே சொல்கிறது. மருத மரங்களின் நிழலில் பூம்பாறையான் உள்ளிட்ட மலைத்தெய்வங்கள் வந்து நீராடுவதாக ஊரார் சொல்வார்கள். மேலே பார்த்த சாமியும் நம்மோடு இறங்கி வந்திருக்கிறது என்று நண்பர் மகிழ்ந்துபோனார்.

கூடாரம் பற்றி ஒரு வார்த்தை. அனுமதியில்லாமல் காட்டுக்குள்ளோ ஓடைக்கரையிலோ கூடாரம் அடிப்பது சட்டப்படி குற்றம். பக்கத்து மலையான குரங்கணியில் 2018 மார்ச்சில் காட்டுத்தீயில் மலையேற்றக் குழுவினர் கருகி இறந்த பிறகு விதிகள் இன்னும் கடுமையாயின. நாங்கள் பெரியகுளம் பக்கத்து மாந்தோப்பு ஒன்றில், வாய்க்கால் கரையில், தோப்புக்காரரின் அனுமதியோடு படுத்தோம். அவர் வீட்டில் கம்மங்கூழும் மாங்காய் ஊறுகாயும் கிடைத்தன.

மிளகும் கல்லறையும்

வத்தலக்குண்டு வந்து, அய்யம்பாளையத்தில் மருதாநதி அணையைக் கடந்து, மறுபடியும் மலையேறினால் தாண்டிக்குடி. இந்தப் பாதையில் பேருந்தை நிரப்புகிறவர்கள் சுற்றுலாக்காரர்கள் இல்லை. காபி, மிளகு, ஏலம், ஆரஞ்சு, மலைவாழை மூட்டைகளோடு ஏறி இறங்கும் தோட்டக்காரர்கள். காபி வாரியத்தின் ஆராய்ச்சி நிலையம் இங்கே இருக்கிறது. பக்கத்துத் தடியன்குடிசையில் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம். முருகன் இங்கிருந்துதான் பழனிக்குத் தாவினான் என்பது தலபுராணம். பாலமுருகன் கோயில் குன்றிலிருந்து பார்த்தால் அந்தத் தாவல் ஒன்றும் நம்ப முடியாததாகத் தோன்றவில்லை.

எகிப்துப் பயணியை இங்கே அழைத்து வந்ததற்குக் காரணம் உண்டு. ஊரைச் சுற்றியுள்ள சரிவுகளில் பலகைக் கற்களை நிறுத்தி மேலே ஒரு கல் மூடிய பெருங்கற்காலக் கல்திட்டைகள் கிடக்கின்றன. ஊர்க்காரர்கள் குள்ளர் வீடு என்றும் பாண்டவர் வீடு என்றும் சொல்வார்கள். செண்பகனூர் இயேசு சபைத் துறவிகள் ஆங்லேடும் நியூட்டனும் பழனி மலைக் கல்திட்டைகளை அளந்து எழுதிய நூலை இந்தியத் தொல்லியல் துறை 1928இல் வெளியிட்டது. அதற்குப் பல ஆண்டுகள் கழித்துப் பேராசிரியர் கா. ராஜன் தாண்டிக்குடியில் அகழ்ந்தபோது ஈமக்குழிகளில் சூதுபவள மணிகள் கிடைத்தன. மலைச்சரிவில் செத்தவரின் கழுத்தில் வெளியூர்க் கல்மணி இருக்கிறது என்றால், மலையிலிருந்து ஏதோ ஒன்று கீழே விலைக்குப் போயிருக்கிறது. மேற்குக் கரையையும் மதுரையையும் இணைத்த மலைப்பாதைகளில் தாண்டிக்குடி ஒரு கண்ணி என்பது ராஜனின் கருத்து.

எகிப்தின் பக்கம் பார்ப்போம். பொது ஆண்டுக்கு முன் 1213இல் இறந்த இரண்டாம் ராம்செஸின் பதப்படுத்திய உடலில், மூக்குத் துவாரங்களில் மிளகு இருந்தது. செங்கடல் துறைமுகமான பெரனிகேயில் செராபிஸ் கோயில் முற்றத்தில் புதைந்திருந்த இந்தியத் தாழி ஒன்றில் ஏழரைக் கிலோ மிளகு கிடைத்தது. காலம் பொது ஆண்டு முதல் நூற்றாண்டு. அதே பெரனிகேயில் கொற்றன் என்பவரின் பெயரும், வடக்கே குசேர் அல்-கதீமில் கணன், சாதன் என்ற பெயர்களும் தமிழ் பிராமியில் எழுதிய பானை ஓடுகள் கிடைத்துள்ளன. அந்த மிளகு தாண்டிக்குடியில் விளைந்தது என்று யாரும் சொல்ல முடியாது; மிளகு விளைந்த மேற்குத் தொடர்ச்சி மலை நெடியது. இருந்தாலும், நண்பர் அபு சிம்பலில் அண்ணாந்து பார்த்த அந்த அரசனின் மூக்கில் இருந்த பொருள், எங்கள் ஜீப்பின் கண்ணாடியை உரசிக்கொண்டு முருங்கை மரத்தில் ஏறியிருந்தது. ஒரு சரத்தைக் கிள்ளி அவர் கையில் வைத்தேன்.

பண்ணைக்காடு வழியாகப் பெருமாள்மலைக்கு மீண்டு, பேத்துப்பாறையில் இன்னும் சில கல்திட்டைகளைப் பார்த்தோம். பல சரிந்துவிட்டன. சிலவற்றின் மூடுகல் யார் வீட்டு வாசற்படியாகவோ போயிருக்கும். பாறை விளிம்பில், பள்ளத்தாக்கைப் பார்த்தபடி செத்தவர்களுக்கு வீடு கட்டிய அந்த மக்களுக்கு இடம் தேர்ந்தெடுக்கத் தெரிந்திருக்கிறது.

வடசரிவு: சண்முகநதி

பழனி சாலை அறுபத்துச் சொச்சம் கிலோமீட்டர். வடகவுஞ்சி, சவரிக்காடு தாண்டி, ஒரு வளைவில் வரதமாநதி அணையும் அதற்கப்பால் தனியாக நிற்கும் பழனிக் குன்றும் ஒன்றாகத் தெரிந்தன. குறிஞ்சி ஆண்டவர் வாசலிலிருந்து புள்ளியாகப் பார்த்த குன்று இப்போது 693 படிகளோடு கண்ணெதிரே. 1966இல் வந்த இழுவை ரயிலும் 2004இல் வந்த ரோப் காரும் இருந்தாலும் படியேறுகிறவர் கூட்டம் குறையவில்லை.

சங்கப் பாடல்களில் இந்த ஊர் பொதினி. ஆவியர் குடியின் ஊர். மயிலுக்குப் போர்வை தந்த பேகன் அந்தக் குடியினன். மலை குளிரும் என்று மயிலுக்காக இரங்கிய கதை, வட்டக்கானலில் இரவைக் கழித்துவிட்டு வந்தவருக்குச் சற்று வேறு மாதிரி கேட்கும். அடிவாரத்துத் திருஆவினன்குடியில் அந்த ஆவியின் பெயர் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

எங்களுக்கு இங்கே வேலை ஆற்றில்தான். பாலாறு, பொருந்தலாறு, வரட்டாறு என்று மலையிலிருந்து இறங்கும் ஆறு ஓடைகள் சேர்ந்ததால் சண்முகநதி என்பார்கள். தைப்பூசத்தின்போது இந்தக் கரைதான் தமிழ்நாட்டின் பெரிய ஆற்றங்கரை முகாம். பாதயாத்திரையாக வருகிறவர்கள் இங்கே குளித்து, காவடியை அலங்கரித்து, கல் கூட்டிப் பொங்கி, மரத்தடியில் உறங்கி எழுந்து மலையேறுவார்கள். பூசம் முடிந்த பிறகு எடப்பாடியிலிருந்து பெருங்கூட்டமாக வரும் பக்தர்கள் மலைமேலேயே டன் கணக்கில் பஞ்சாமிர்தம் பிசைந்து, ஓர் இரவு அங்கேயே தங்கும் மரபுரிமை பெற்றவர்கள். நைல் கரையில் நண்பருக்குக் கிடைத்த கூடாரத்தில் மெத்தை இருந்ததாம். இங்கே போர்வையும் தோளில் போட்ட துண்டும்தான், ஆனால் பக்கத்தில் படுத்திருப்பவர் காலையில் நமக்கும் சேர்த்துக் கஞ்சி வைத்திருப்பார்.

பஞ்சாமிர்தமும் 2019இல் புவிசார் குறியீடு பெற்றதுதான். அதன் உயிர் விருப்பாச்சி மலைவாழை. நீர்ச்சத்துக் குறைவு, அதனால் கெடாது. அது விளைவது நாங்கள் இறங்கி வந்த சரிவுகளில். முடிக்கொத்து நோய் பரவியபோது அந்த வாழைத் தோட்டங்கள் பெருமளவு அழிந்து, பிறகு நோயற்ற கன்றுகளை நட்டு மீட்டெடுக்க வேண்டியிருந்தது. கோயிலின் பிரசாதம் மலையின் உடல்நலத்தைச் சார்ந்தது என்பதற்கு இதைவிட நேரான சான்று வேண்டியதில்லை.

பழனிக்குத் தென்மேற்கே, பொருந்தலாற்றின் கரையில் பொருந்தல். 2009, 2010இல் ராஜன் குழுவினர் இங்கே அகழ்ந்த ஈமக்குழி ஒன்றில், நான்கு கால் கொண்ட சாடியில் நெல் இருந்தது. அமெரிக்க ஆய்வுக்கூடம் அந்த நெல்லுக்குத் தந்த காலம் பொது ஆண்டுக்கு முன் 490. கூடவே கிடைத்த தாங்கியில் தமிழ் பிராமியில் 'வய்ர' என்ற எழுத்துகள். தமிழ் எழுத்தின் காலத்தை அசோகருக்கு முன்னே கொண்டுபோன சான்றுகளில் இது ஒன்று. ஏற்காத அறிஞர்களும் உண்டு. குடியிருப்பு மேட்டில் கண்ணாடி மணி செய்யும் உலையும் கிடைத்தது. இன்று அங்கே பார்ப்பதற்குத் தென்னந்தோப்பும் வயலும்தான். சாடியில் இருந்த நெல்லுக்குப் பாய்ந்த அதே மலைநீர் இப்போதும் பாய்கிறது.

கடைசி நிறுத்தம் பழனிக்கு மேற்கே ஐவர்மலை. பாறைக்குடைவின் நெற்றியில் வரிசையாகப் பதினாறு தீர்த்தங்கரர் உருவங்கள். சக ஆண்டு 792, அதாவது பொது ஆண்டு 870இல், வரகுண பாண்டியன் காலத்தில், சாந்திவீரக் குரவர் பார்சுவநாதர் உருவையும் இயக்கியர் உருவங்களையும் புதுப்பித்து, 505 காணம் பொன் வைத்ததைக் கல்வெட்டு சொல்கிறது. பாண்டியர் வரலாற்றுக்கு ஆண்டுக் கணக்குப் போட உதவிய கல்வெட்டு இது. இப்போது குகைக்குள் திரௌபதி அம்மன். ஐவர் என்றால் பாண்டவர் என்று வழிபட வந்த மூதாட்டி எங்களுக்கு விளக்கினார். சமணச் சிலைகளுக்கும் ஒரு கும்பிடு போட்டார். எகிப்தில் கடவுளர் மாறியபோது பல கோயில்களில் பழைய உருவங்களின் முகத்தைக் கொத்தினார்கள். இங்கே பழையவர்களை மேலே விட்டுவிட்டுப் புதியவர் கீழே குடியேறியிருக்கிறார்.

மலைக்குப் பங்கு

அஸ்வான் உயரணைக்காக 1964 முதல் 1968 வரை அபு சிம்பலை அறுத்து உயரமான இடத்தில் மறுபடி அடுக்கினார்கள். 1980 வாக்கில் ஃபிலே கோயில் வேறு தீவுக்கே மாறியிருந்தது. உலகமே பணம் திரட்டியது. கோயிலை ஆற்றிடமிருந்து காப்பாற்ற அவ்வளவு முடியும் என்றால், ஆற்றைக் கோயில் காப்பாற்ற முடியாதா?

2013இல் இந்த மலையின் 600 சதுர கிலோமீட்டருக்கு மேற்பட்ட பரப்பு கொடைக்கானல் வனவிலங்கு சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. சீகையையும் பைனையும் எடுத்துவிட்டுப் புல்வெளியை மீட்கும் பேச்சு நெடுநாளாக நடக்கிறது. வேலை மெல்ல நடக்கிறது. பழனி தேவஸ்தானம் பள்ளிகளும் கல்லூரிகளும் நடத்துகிறது. மலைமேல் குறிஞ்சி ஆண்டவர் கோயிலும் அதன் பொறுப்பில்தான். அபிஷேக நீரும் பஞ்சாமிர்த வாழையும் வருகிற மலைக்கு, உண்டியலில் விழும் காணிக்கையில் ஒரு சிறு பங்கை ஆண்டுதோறும் ஒதுக்கினால் என்ன? வட்டக்கானலில் இரண்டு பேர் நாற்றங்கால் போட்டுக் காட்டிய வேலை அது. 1936இல் ஒரு பெண் தனியாகக் கோயில் எடுத்த மேட்டில் தேவஸ்தானம் ஒரு சோலை எடுப்பது, காவடி தூக்கி வருகிற எந்தப் பக்தருக்கும் புரியாத காரியமாக இருக்காது.